மால்டா, கோசோ கரையில் ஸ்கூபா முக்குளிப்பு: தளத்தைத் தேர்ந்து இறங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

மால்டாவுக்கு முக்குளிக்க வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். திங்கட்கிழமை புளூ ஹோல் என்னும் நீர்க்குழி, செவ்வாய்க்கிழமை உம் எல் ஃபாரூட், புதன்கிழமை பி29 ஆகிய மூழ்கிய கப்பல்கள் என்று நாள்வாரியாகத் தளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டாம் நாளே அந்தப் பட்டியல் கலைந்துவிடும், ஏனென்றால் இந்தத் தீவுகளில் எங்கே இறங்கலாம் என்பதைக் காற்றின் திசையே தீர்மானிக்கிறது. மால்டாவும் கோசோவும் இடையிலுள்ள கொமினோவும் சிறிய தீவுகள் என்பதால், ஒரு கரையில் அலை மோதும்போது எதிர்க்கரையில் கடல் அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே முதலில் உங்கள் தகுதியையும், அடுத்து அன்றைய காற்றையும் பார்த்து, அதன் பிறகே தளத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழுள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

அந்தமான், திருகோணமலை, மாலத்தீவு போன்ற வெதுவெதுப்பான நீரில் படகிலிருந்து இறங்கிப் பழகி, ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படைச் சான்றிதழாவது பெற்றவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. புறப்படுமுன்: சான்றிதழ், உடல்நலப் படிவம், காப்பீடு

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்குமானது, அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரைக்குமானது. மால்டாவின் புகழ்பெற்ற கப்பல் சிதைவுகளில் பெரும்பாலானவை 30 மீட்டருக்கும் கீழே கடல்தரையில் கிடப்பதால், 18 மீட்டர் தகுதியோடு வருகிறவர்கள் அவற்றில் பலவற்றின் மேல்தளத்தைக்கூட முறைப்படி எட்ட முடியாது. அட்வான்ஸ்டு பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டு வரலாம். அல்லது பயணத்தின் முதல் இரண்டு நாட்களை இங்கேயே அதற்கு ஒதுக்கலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் குளிர்ந்த நீர், தடித்த உடை, பாறைக் கரை மூன்றுக்கும் ஆசிரியர் உடனிருக்கும்போதே பழகிக்கொள்ள முடியும்.

டைவ் சென்டரில் உடல்நலப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். அதில் ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தாலும் மருத்துவரின் கையொப்பம் இல்லாமல் நீரில் இறங்க முடியாமல் போகலாம். ஆஸ்துமாவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் இந்தப் படிவத்தை முன்கூட்டியே இணையத்திலிருந்து இறக்கி, ஊரில் தங்களை அறிந்த மருத்துவரிடம் கையொப்பம் பெற்று வாருங்கள். இங்கே வந்த பிறகு மருத்துவரைத் தேடினால் நாளும் பணமும் வீணாகும்.

ஷெங்கன் விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ பயணக் காப்பீட்டைக் காட்டி ‘இது போதும்’ என்று நினைப்பது அடுத்த தவறு. அவ்வகைக் காப்பீடுகளில் பல ஸ்கூபாவை விலக்கி வைத்திருக்கும், அல்லது ஆழத்துக்கு வரம்பு விதித்திருக்கும். ஆழத்திலிருந்து விரைவாக மேலெழுவதால் வரக்கூடிய அழுத்தநீக்க நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சை, ஊர் திரும்பும் செலவு இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் தனி முக்குளிப்புக் காப்பீட்டை எடுங்கள்.

2. மாதம்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை என் தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பரில் மேல்நீரின் வெப்பநிலை 26–27 பாகை செல்சியஸை எட்டும், பிப்ரவரி, மார்ச்சில் 15–16 பாகைக்கு இறங்கும். ஜூனில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் குளிர்ந்த அடுக்கு இன்னும் கலையாமல் இருக்கும், அதற்குள் இறங்கும் கணத்தில் மூச்சு வேகமெடுக்கும், சிலிண்டரும் வேகமாகத் தீரும். வசந்த காலத்தில் ஊதா நிறச் சிறு ஜெல்லிமீன்கள் கூட்டமாக வரும் நாட்களும் உண்டு, அவற்றின் கொட்டுதல் கடும் எரிச்சலைத் தரும்.

3. கருவிகளும் ஈய எடையும்

மாலத்தீவில் மூன்று மில்லிமீட்டர் உடையோடு முக்குளித்தவருக்கு இங்கே அக்டோபரிலும் ஐந்து மில்லிமீட்டர் தேவைப்படும். குளிர்காலத்தில் ஏழு மில்லிமீட்டரோ நீர் புகாத டிரைசூட்டோ வேண்டும். பாதத்தை முழுவதும் மூடும் ஃபின்ஸை ஊரிலேயே விட்டுவிட்டு, தடித்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸும் குதிகால் திறந்த ஃபின்ஸும் கொண்டு வாருங்கள். இங்கே பெரும்பாலான முழுக்குகள் கரையிலிருந்தே தொடங்கும். முதுகில் சிலிண்டரோடு கூர்மையான சுண்ணாம்புப் பாறைமீது நடக்க வேண்டியிருக்கும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது எடையில். பழைய இடத்தில் நான்கு கிலோ கட்டியவர் இங்கும் நான்கு கிலோவையே கேட்பார், ஆனால் இங்கே மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறியிருக்கின்றன. முதலாவது, மத்தியதரைக் கடலின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம், அந்தமான் கடலில் அது 33ஐ ஒட்டியே இருக்கும். இந்த வேறுபாடு மட்டுமே கருவிகளோடு 100 கிலோ இருக்கும் ஒருவரை ஏறத்தாழ அரைக் கிலோ அளவுக்கு மேலே தள்ளும். இரண்டாவது, உடையின் தடிமன் கூடினால் மிதப்பும் கூடும், இது உப்பைவிடப் பெரிய மாற்றம். மூன்றாவது இதற்கு நேர்மாறாகச் செயல்படுவது: அந்தமானிலும் மாலத்தீவிலும் பொதுவாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது மிதக்கத் தொடங்கும், மால்டாவில் வழக்கமான 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரோ காலியான பின்பும் மூழ்கும். இம்மூன்றையும் மனக்கணக்காகக் கூட்டிக் கழிக்க முடியாது என்பதால் நீரில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையை முழுக்கின் முடிவில் செய்யுங்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது, கால் தரையில் எட்டாத அமைதியான நீரில் பிசிடி எனப்படும் மிதவைச் சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றி, சாதாரணமாக மூச்சை நிறுத்திப் பாருங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். முழுச் சிலிண்டரோடு சோதித்தால், முழுக்கின்போது செலவாகும் ஏறத்தாழ இரண்டு கிலோ காற்றின் எடை கணக்கில் வராது. அப்படிச் செய்தவர் கடைசி ஐந்து மீட்டரில் சில நிமிடம் நிற்க வேண்டிய பாதுகாப்பு நிறுத்தத்தைப் பிடிக்க முடியாமல் மேலே எழும்பிவிடுவார்.

4. காற்றைப் படித்தல்

முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். வேகத்தைவிடத் திசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மால்டாவில் அதிகம் வீசுவது மய்யிஸ்ட்ரால் என்னும் வடமேற்குக் காற்று. அது வலுக்கும்போது கோசோவின் மேற்கிலுள்ள துவேய்ராவும் வடகரையும் மால்டாவின் வடமுனையிலுள்ள சிர்கேவ்வாவும் கைவிடப்படும். அன்று கோசோவின் தென்கிழக்கிலுள்ள ஷாத் லாஹ்மாருக்குச் செல்லுங்கள், அல்லது மால்டாவின் தென்கரையில் உம் எல் ஃபாரூட் கிடக்கும் வீத் இஸ்-ஸுர்ரீக் பக்கம் போய்ப் பாருங்கள். தென்கிழக்கிலிருந்து ஷ்லோக் வீசினால் நிலைமை தலைகீழாகும்: தென்கரைத் தளங்கள் மூடப்பட, கோசோவின் வடகரையில் ரெக்கா முனையும் ஷ்வேய்னியும் அமைதியாக இருக்கும். கிரிகால் என்னும் வடகிழக்குக் காற்று வாலெட்டா, ஸ்லீமா பக்கத்தையும் வடகரையையும் கலக்கும், அந்நாளில் துவேய்ராவும் கோசோவின் தென்மேற்கிலுள்ள ஷ்லெண்டி விரிகுடாவும் கிடைக்கும்.

காற்று நின்ற மறுநாள் காலையில்தான் அதிகமானோர் தவறு செய்கிறார்கள். மரத்தின் இலைகூட அசையவில்லை என்று பார்த்துவிட்டு நேராகத் துவேய்ராவுக்குப் போவார்கள். காற்று அடங்கினாலும் தொலைவில் எழுந்த அலைப்பெருக்கு ஒரு நாள்கூட நீடிக்கலாம். ஆகவே கருவிகளை வண்டியிலிருந்து இறக்குமுன் நீர்விளிம்புக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து பிறகு ஓய்வதால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புபவர் ஓய்வை மட்டுமே பார்த்திருப்பார். இறங்கும் இடத்தை மட்டுமல்லாமல் ஏறும் இடத்தையும் பாருங்கள். குதித்து இறங்குவது எந்த நாளிலும் எளிது, களைத்த உடலோடும் ஈரக் கருவிகளின் பாரத்தோடும் பாறையில் ஏறுவதே கடினம்.

5. முதல் முழுக்கு

முதல் நாள் எந்தப் புகழ்பெற்ற தளத்துக்கும் போகாதீர்கள். கோசோவில் இம்ஜார் இஷ்-ஷீனி என்னும் ஒடுங்கிய கடற்கழியும், மால்டாவில் ஆர் லாப்சியும், வாலெட்டாவுக்கு அருகே 14–16 மீட்டரில் கிடக்கும் எச்எம்எஸ் மாவோரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் எச்சமும் பழகுவதற்கு ஏற்றவை. அந்தக் கப்பல் 1942இல் வான்தாக்குதலில் மூழ்கியது.

இந்த முழுக்கில் செய்ய வேண்டியவை: மேலே சொன்ன எடைச் சோதனை, மாஸ்க்கில் நீர் நிரப்பி வெளியேற்றுதல், அடையாள மிதவையை ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே விடுதல். கோடையில் இங்கே படகுகள் கரையை ஒட்டியே ஓடுவதால், மிதவை இல்லாமல் மேலெழுபவரைப் படகோட்டியால் பார்க்க முடியாது. முழுக்கு முடிந்ததும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் சுவாசித்தீர்கள் என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அந்த எண் தேவை.

6. காற்றுக் கணக்கு

நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில், அங்கே அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், 80 லிட்டர் சுவாசிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் மொத்தம் 2,400 லிட்டர்.

‘50 பாரில் மேலே வந்தால் போதும்’ என்று பலருக்கும் பழக்கப்பட்ட விதி 30 மீட்டரில் போதாது. துணைவரின் காற்று அங்கே திடீரென நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்து மேலே வர வேண்டும். நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடத்துக்கு 160 லிட்டர், நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் மூன்றரை நிமிட ஏற்றத்துக்கு 350 லிட்டர், ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 180 லிட்டர், ஆக 690 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் என்பது 600 லிட்டர்தான். பதற்றத்தில் மூச்சு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 70 பாரில் ஆழத்தை விட்டுக் கிளம்புவதே சரி. அப்படியானால் 30 மீட்டரில் கையில் இருப்பது ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம். 15 லிட்டர் சிலிண்டர் எடுத்தால் அது இருபத்து நான்காகும், ஆனால் அதற்குள் அழுத்தநீக்கமில்லா நேர வரம்பு (கட்டாய நிறுத்தமின்றி நேராக மேலே வர அனுமதிக்கும் நேரம்) முடிந்துவிடும் என்பதால் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

7. துவேய்ரா: புளூ ஹோல்

2017 மார்ச் 8ஆம் நாள் புயலில் இடிந்து விழுந்த ‘அசூர் விண்டோ’ என்ற பாறை வளைவு நின்ற இடம் இதுவே. வளைவு போனாலும் அதை ஒட்டிய புளூ ஹோல் அப்படியே இருக்கிறது. பாறைக்கு நடுவே சுமார் பத்து மீட்டர் அகலமுள்ள நீர்க்குழி, அதன் அடிப்பக்கத்தில் வெளிக்கடலுக்குத் திறக்கும் பெரிய வாயில்.

வண்டி நிறுத்துமிடத்தில் கருவிகளைப் பூட்டி, காற்றைத் திறந்து, துணைவரோடு ஒருமுறை முழுச் சோதனை செய்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பாதை மேடுபள்ளமானது, கீழே போன பிறகு மறந்த பொருளுக்காகத் திரும்புவது உடலை வெகுவாகக் களைப்பாக்கும். வெயில் காலத்தில் வெட்சூட்டை இடுப்பு வரை மட்டும் ஏற்றிக்கொண்டு நடந்து, நீர்விளிம்பில் முழுதாக மூடுங்கள். உடல் சூடேறி மூச்சிரைக்க இறங்குபவரின் சிலிண்டர் முதல் பத்து நிமிடத்திலேயே கரைந்துவிடும். விளிம்பில் இறங்க ஒரே சமயத்தில் ஓரிருவருக்குத்தான் இடமுண்டு, ஆகவே முன் குழு இறங்கி முடிக்கும் வரை சற்று உயரத்திலேயே காத்திருங்கள்.

குழிக்குள் இறங்கியதும் உடனே வாயிலைக் கடக்காதீர்கள். வாயிலின் மேல்விளிம்பு சுமார் எட்டு மீட்டரில் இருக்கும். உள்ளே பெரும் பாறைகள் குவிந்த தரை ஏறத்தாழ பதினைந்து மீட்டர் ஆழம். அங்கே மிதப்பைச் சமன்செய்து, திரும்பி நின்று வாயிலின் வடிவத்தை வெளிப்பக்கத்திலிருந்து அடையாளம் காணும்படி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியும் இதுவே, பக்கத்துப் பாறைப் பிளவுகளை வாயில் என்று நினைத்துத் தேடிக் காற்றைச் செலவழிப்பவர்கள் உண்டு.

வாயிலைக் கடந்ததும் கீழே தரை ஐம்பது மீட்டருக்கும் அப்பால் சரியும். இங்கே நீர் மிகத் தெளிவு, முப்பது மீட்டர் தொலைவு வரை தெரியும் நாட்கள் பல. தெளிந்த நீர் ஆழத்தை மறைத்துவிடும். கலங்கிய கடலில் பழகியவருக்கு வெளிச்சம் குறைவதே ஆழத்தின் அறிகுறி, இங்கே அந்த அறிகுறி கிடைக்காது. கீழே கிடக்கும் பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்ற, பார்த்துக்கொண்டே இறங்கியவர் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். சுவரைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, முன்பே பேசிவைத்த ஆழத்துக்குக் கீழே இறங்காமல் நீந்துங்கள். கடலை நோக்கியபடி வாயிலைக் கடந்தால் வலப்பக்கம் இடிந்த வளைவின் வெளிறிய பெரும்பாறைகள், இடப்பக்கம் ‘சிம்னி’ என்னும் செங்குத்தான பிளவும் அதற்கப்பால் கோரல் கார்டன்ஸும். முதல் முறை ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு காற்று செலவானதும் திரும்பிவிடுங்கள், மூன்றாம் பங்கு வாயிலுக்குள் அலை இழுக்கும்போது நிதானமாகக் காத்திருக்கத் தேவைப்படும்.

அருகிலுள்ள உள்நாட்டுக் கடல் எனும் இன்லேண்ட் சீயிலிருந்து பாறையைக் குடைந்து வெளிக்கடலுக்குச் செல்லும் சுரங்க வழி சுமார் எண்பது மீட்டர் நீளம். அதன் மேற்பரப்பில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஆகவே அதற்குள் எக்காரணத்துக்கும் மேலெழக் கூடாது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி, தரைக்கு அருகே நீந்துங்கள், விளக்கு கட்டாயம் வேண்டும். கடல் கொந்தளித்துப் படகுகள் நிறுத்தப்பட்டிருக்கும் நாளில் நீங்களும் அதற்குள் போகாதீர்கள்.

8. சிர்கேவ்வா

கோசோவுக்குச் செல்லும் கப்பல்களின் துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் இறங்குவது எளிது, ஏணியும் உண்டு. 1992இல் மூழ்கடிக்கப்பட்ட ரோசி என்ற இழுவைக் கப்பலும், 2007இல் மூழ்கடிக்கப்பட்ட பி29 என்ற ரோந்துக் கப்பலும் இங்கே 35 மீட்டரை ஒட்டிய தரையில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே முழுக்கில் பார்க்க முயல்வதுதான் வழக்கமான தவறு. கப்பலுக்கு நீந்திப் போகும்போது பாறைச் சரிவின் விளிம்பிலேயே செல்லுங்கள், ஆழத்தில் நீந்தினால் கப்பலை அடையுமுன்பே பாதி நேரம் போய்விடும். திரும்பும்போது திசைகாட்டியைப் பயன்படுத்துங்கள், பெரிய கப்பல்கள் வந்துபோகும் துறையின் பக்கம் விலகிவிடக் கூடாது. ஓப்பன் வாட்டர் தகுதியுள்ளவர்களுக்குக் கப்பல் இல்லாமலே இங்கே நல்ல முழுக்கு கிடைக்கும்: பாறை வளைவும், குகையொன்றில் வைக்கப்பட்ட மாதா சிலையும் 18 மீட்டரை ஒட்டியே உள்ளன.

9. ஷாத் லாஹ்மாரும் உம் எல் ஃபாரூடும்

இவை பயணத்தின் இரண்டாம் பாதிக்கு உரியவை. ஷாத் லாஹ்மாரில் 2006இல் மூழ்கடிக்கப்பட்ட கர்வேலா, கொமினோலேண்ட் ஆகிய கப்பல்கள் நிமிர்ந்த நிலையில் 40 மீட்டரை ஒட்டிக் கிடக்கின்றன. கர்வேலாவின் உள்படிக்கட்டைப் படத்தில் பார்த்தவர்கள் நேராக அதற்குள் போக விரும்புவார்கள். சிதைவுக்குள் நுழையும் பயிற்சியும் சுருள்கயிறும் இல்லாதவர்கள் வெளியிலிருந்தே பார்த்துத் திரும்புங்கள், ஒருவர் ஃபின்ஸை அடித்துக் கிளப்பும் வண்டல் பின்னால் வருபவருக்கு வழியை மறைத்துவிடும். இக்கப்பல்களுக்கு அருகே 1999இல் மூழ்கடிக்கப்பட்ட ஷ்லெண்டி என்ற கப்பல் தலைகீழாகக் கிடக்கிறது, அதற்குள் யாரும் போக வேண்டாம்.

உம் எல் ஃபாரூட் 110 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பல். 1995இல் மால்டாவின் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கும்போது வெடித்து ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், 1998இல் வீத் இஸ்-ஸுர்ரீக்குக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்டது. அவர்களின் நினைவுப் பலகை கப்பலிலேயே உண்டு, அதைத் தொடாமல் பார்த்துச் செல்லுங்கள். கரையிலிருந்து கப்பல் வரை மேற்பரப்பில் ஸ்நோர்க்கலில் நீந்திச் சென்று, அங்கே துணைவரோடு மூச்சு சீரான பிறகே இறங்குங்கள். ஆழத்திலேயே நீந்திப் போனால் கப்பலைப் பார்க்கச் சிலிண்டரில் எதுவும் மிஞ்சாது. 36 மீட்டரில் இருக்கும் சுழல்விசிறியை விட்டுவிட்டு மேல்தளத்தின் உயரத்திலேயே சுற்றி வந்தாலும் கப்பல் முழுதும் கண்ணில் அடங்கும். அட்வான்ஸ்டு தகுதியின் எல்லைக்குள் அதுவே முறையானதும்கூட. ஒடுங்கிய கடற்கழி வழியே படகுகள் வந்துபோகும், திரும்பும்போது மிதவையை மேலே விட்டுச் சுவரை ஒட்டி வாருங்கள்.

10. கடைசி நாள்

விமானத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் முக்குளிக்காதீர்கள். பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர்களுக்குக் குறைந்தபட்சமே 18 மணி நேரம், ஆழமான கப்பல்களைப் பார்த்துவந்த உடலுக்கு அதைவிடக் கூடுதல் இடைவெளி நல்லது. பயணச்சீட்டு வாங்கும்போதே கடைசி முழுக்கின் நேரத்தைப் பின்னோக்கி எண்ணிக் குறித்துவையுங்கள். அதைச் செய்யாதவர்கள், நல்ல காற்று அமைந்த கடைசி காலையில் டைவ் சென்டரின் வாசலில் நின்று தங்களோடு தாங்களே பேரம் பேசுகிறார்கள்.

முழுக்குக்குப் பிறகு மூட்டுவலி, தோலில் திட்டுத்திட்டான சிவப்பு, கைகால் மரத்துப்போதல், வழக்கத்துக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். 112ஐ அழைத்து, முக்குளித்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அழுத்த அறை மால்டாவின் மாட்டெர் டேய் மருத்துவமனையில் உள்ளது. உதவி வரும் வரை ஆக்சிஜன் கிடைத்தால் சுவாசித்தபடி படுத்திருங்கள், உங்கள் டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எத்தனை மீட்டரில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்ற பதிவு அதில் இருக்கும்.